மூன்றாம் மாடியில் ஒரு சைகோன்

மயிலாப்பூர் என்றதும் உங்கள் மனக்கண்ணில் எது முதலில் தோன்றும்? கபாலீசுவரர் கோயிற் குளமும் அதன் நான்கு மாட வீதிகளும் தோன்றலாம். லஸ் முனையின் நெரிசலும், சாந்தோமின் உயர்ந்த வெண்கோபுரமும் தோன்றலாம். கச்சேரி சாலையில் நம் ஜும்ஆப் பள்ளிவாசல் இருப்பதும், ஐவேளையும் அங்கே பாங்கொலி எழுவதும் வெளியூர் வாசகர்களில் பலர் அறியாதது. அந்தப் பள்ளியில் மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்த ஒரு மாலையில்தான் இக்கட்டுரையில் நான் சொல்லவிருக்கும் பயணம் தொடங்கியது. பயணம் என்றதும் கப்பலையோ விமானத்தையோ நினைத்துவிடாதீர்கள். ஆட்டோவில் பத்து நிமிடம். பிறகு நகரும் படிக்கட்டில் மூன்று மாடி. அவ்வளவே. ஆனால் என் உம்மா அன்றைக்குப் போய் வந்த தூரம் வேறு.

சென்னையில் இப்போது விருந்தாளிகளை அழைத்துச் செல்லும் இடங்கள் மாறிவிட்டன. ஒரு காலத்தில் ஊரிலிருந்து வருவோர்க்கு மெரினா, உயிர்க்காட்சிசாலை, தியாகராய நகர் ரங்கநாதன் தெரு என்று மூன்றே இடங்கள். அண்ணா சாலையில் 1983இல் தீக்கிரையான ஸ்பென்சர் கட்டடம் புதிதாய் எழுந்து 1991இல் திறக்கப்பட்டபோது, குளிரூட்டிய கூரையின் கீழ் நடந்துகொண்டே கடை பார்க்கும் பழக்கம் நம்மவர்க்கு வந்தது. பின்னர் 2006இல் மயிலாப்பூர் இராதாகிருஷ்ணன் சாலையில் சிட்டி சென்டர், 2010இல் இராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ என ஒன்றன்பின் ஒன்றாய் வணிக வளாகங்கள் வந்தன. கீழ்த்தளங்களில் துணியும் காலணியும். மேல்தளங்களில் திரைப்பட அரங்கும் உணவகங்களும். அந்த உணவகங்களில் பாதிக்குச் சுவரும் இல்லை, கதவும் இல்லை. நடக்கும் வழியிலேயே நாற்காலி போட்டிருப்பார்கள். குழந்தைகளின் கூச்சலும், விளையாட்டு இயந்திரங்களின் ஓசையும், பத்து நாட்டுச் சமையலின் மணமும் ஒன்றாய்க் கலந்து வரும். எனக்கு அந்த இரைச்சல் பிடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு அது இல்லாவிட்டால் சோறு இறங்குவதில்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்திருந்தாள். ‘வியட்நாம் சாப்பாடு வாப்பா, நன்னிக்கும் பிடிக்கும்’ என்றாள். நான் உம்மாவைப் பார்த்தேன். அவர்கள் பதில் பேசவில்லை; முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள்.

உம்மா பிறந்தது சைகோனில். ஹோ சி மின் நகரம் என்று 1976இல் பெயர் மாற்றப்பட்டுவிட்ட அந்த ஊரை உம்மா இன்றும் சைகோன் என்றே சொல்வார்கள். உம்மாவின் வாப்பா காரைக்காலிலிருந்து இளவயதில் கப்பலேறிச் சென்று அங்கே துணிக்கடை வைத்தவர். உம்மாவைப் பெற்றவர் அந்நாட்டுப் பெண்மணி. கலிமா சொல்லி, நிக்காஹ் செய்து வாழ்ந்தவர். 1975 ஏப்ரல் 30ஆம் நாள் போர் முடிந்து ஆட்சி மாறியது. கடைகள் கைவிட்டுப் போயின. அதற்கடுத்த ஆண்டு குடும்பம் இரண்டு தோல்பெட்டிகளோடு காரைக்கால் வந்து சேர்ந்தது. உம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. பாட்டியார் காரைக்காலிலேயே வாழ்ந்து 1989இல் இறையடி சேர்ந்தார்கள். அவர்களோடு அந்தச் சமையலும் எங்கள் வீட்டு அடுப்பை விட்டுப் போய்விட்டது.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய கதை அன்று. நம் சமுதாயத்தாரின் கடல்கடந்த வாழ்வைப் பற்றிப் பேசுவோர் பினாங்கையும் சிங்கப்பூரையும் ரங்கூனையும் கொழும்பையும் சொல்வார்கள். பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலையும் பெருமையோடு குறிப்பிடுவார்கள். சைகோனை ஏனோ மறந்துவிடுகிறோம். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1862 உடன்படிக்கையின் மூலம் சைகோனும் அவர்கள் வசமாயிற்று. ஒரே கொடியின் கீழ் வந்துவிட்டதால் புதுச்சேரி, காரைக்கால் மக்களுக்கு அந்தத் துறைமுகம் அயலூர் போலத் தோன்றவில்லை. அரசு அலுவலுக்குப் போனார்கள், காவற்பணிக்குப் போனார்கள். செட்டிநாட்டார் வட்டிக்கடை வைத்தார்கள். நம்மவர் துணி வணிகத்தில் இறங்கினார்கள். கூத்தாநல்லூர் போன்ற, பிரெஞ்சு ஆட்சிக்கு உட்படாத ஊர்களிலிருந்தும் பலர் சென்றனர். அவ்வாறு சென்ற தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல், நகரின் நடுமையத்தில் டோங் யூ தெருவில் இன்றும் நிற்கிறது. வெண்மையும் நீலமுமாய் வண்ணம் பூசிய, மினாராக்கள் கொண்ட அப்பள்ளியைச் சுற்றி இன்று உயர்ந்த ஓட்டல்கள் எழுந்துவிட்டன. கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாகூரிலும் காரைக்காலிலும் பாரிஸிலும் சிதறிக் கிடக்கிறோம். தொழுகை மட்டும் நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இனி மூன்றாம் மாடிக்கு வருவோம். மூங்கிற் கூடையைக் கவிழ்த்தது போன்ற விளக்குகள். கூம்பு வடிவ ஓலைத் தொப்பிகள் சுவரில். நீளமான உணவுப் பட்டியலை மகள் படித்தாள். ‘ஃபோ’ என்று அவள் சொன்னதும் உம்மா முதன்முறையாக வாய் திறந்தார்கள். ‘அப்படிச் சொல்லப்படாது. ஃபெ... கேள்வி கேட்கிற மாதிரிக் கடைசியில் இழுக்கணும்.’ மகள் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.

வாசகர்களில் பலருக்கு இவ்வுணவு புதிதாயிருக்கும். ஆகவே சிறிது விளக்குகிறேன். ஃபோ என்பது எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுத்த தெளிந்த சாற்றில், அரிசி மாவினால் செய்த தட்டையான இழைகளையும் மெல்லிய இறைச்சித் துண்டுகளையும் இட்டுத் தருவது. நம் ஆட்டுக்கால் சூப்பில் இடியாப்பத்தை இட்டது போன்றிருக்கும் என்று சொன்னால் வியட்நாமியர் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் உங்களுக்குப் புரிந்துவிடும். அந்தச் சாற்றுக்கு மணம் தருவன பட்டையும், சுட்ட இஞ்சியும், அன்னாசிப்பூவும். ஆம், நம் பிரியாணிச் சட்டியில் விழுகிற அதே அன்னாசிப்பூதான். அது வியட்நாமின் வட எல்லையிலுள்ள லாங் சோன் மலைப்பகுதியில் மிகுதியாய் விளைகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதைத் தாளித்துக்கொண்டே அந்த நாட்டு உணவை ‘அந்நியச் சாப்பாடு’ என்கிறோம்!

அவர்கள் உப்புக்குப் பதிலாகப் பெரிதும் பயன்படுத்துவது நுவோக் மாம் என்னும் மீன்சாறு. நெத்திலி மூன்று பங்கும் உப்பு ஒரு பங்குமாய் மரத்தொட்டிகளில் அடைத்து, ஏறத்தாழ ஓராண்டு ஊறவைத்து வடிப்பது. ஃபூ குவோக் என்னும் தீவு இதற்குப் பேர்பெற்றது. நாள்பட ஊறியது என்பதால் இது போதைப்பொருளாகிவிடுமோ என்று சிலர் அஞ்சுவதுண்டு. மீனும் உப்பும் சேர்ந்து கனிவது அது. கருவாட்டுக்கும் மாசிக்கும் உறவினன். மணமும் ஏறத்தாழ அப்படித்தான். என் இல்லத்தரசி திருச்சிப் பக்கத்து ராவுத்தர் குடும்பத்தில் பிறந்தவர். புட்டியைத் திறந்து முகர்ந்ததும், ‘மாமி, இதையா தினமும் சாப்பிட்டீங்க?’ என்று கேட்டுவிட்டார்.

பணியாளராய் வந்தவர் மணிப்பூரைச் சேர்ந்த இளைஞர், இனிய முகத்தினர். ‘இங்கே எல்லாம் ஹலாலா?’ என்று நான் கேட்கத் தொடங்கியதுமே மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து மேசையில் அவளொத்த வயதினர் சிலர் இருந்தனர். ஓட்டலில் கேள்வி கேட்கும் வாப்பாவைப் பெற்ற பிள்ளைகளின் துன்பம் எனக்குப் புரியாமலில்லை. உங்கள் வீட்டிலும் இதே காட்சி நடந்திருக்கக் கூடும். ‘எல்லாம் ஹலால்தான் சார்’ என்றார் இளைஞர். கோழி எங்கே வாங்குகிறீர்கள் என்றேன். சமையலறைக்குச் சென்று, ஹலால் இறைச்சிக் கடையொன்றின் ரசீதையே கொண்டுவந்து காட்டினார். என் மனம் நிறைந்துவிட்டது. ‘பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட வேண்டியதுதான்’ என்றேன்.

உம்மா விடவில்லை. ‘கோழி சரி வாப்பா. சாறு எதில் எடுத்ததுன்னு கேளு.’

எனக்கு அது தோன்றவேயில்லை. அந்த நாட்டுச் சமையலை அறிந்தவர்க்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். இளைஞர் மீண்டும் உள்ளே போனார். இம்முறை தலைமைச் சமையற்காரரே வந்தார். அவர் ஒளிக்கவில்லை. சாற்றுக்குக் கோழி எலும்போடு பன்றி எலும்பும் சேர்கிறது. ஒரே பெரிய அண்டா. ஃபோவுக்கும் அதுதான், கோழிக் கறிக்கும் அதிலிருந்துதான் ஊற்றுகிறோம். பொரித்த சுருளில் பன்றிக் கொத்துக்கறி ஒரு வகை, கோழி ஒரு வகை, எண்ணெய் ஒன்றே. இவ்வளவையும் அமைதியாய்ச் சொல்லிவிட்டு, ‘பணியாளருக்கு இது தெரியாது, மன்னிக்க வேண்டும்’ என்றார்.

அந்த இளைஞர் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. ‘ஹலால்’ என்றால் ஹலால் கடையில் வாங்கிய கோழி என்று அவர் விளங்கியிருந்தார். நம்மில் எத்தனை பேர் அதற்கு மேல் விளங்கியிருக்கிறோம்? நம் நாட்டில் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளியிடச் சட்டம் இருக்கிறது. சாறும் எண்ணெயும் எதிலிருந்து வந்தன என்று ஓட்டல் மேசையில் நமக்குச் சொல்லும் புள்ளி ஏதுமில்லை. வாய் திறந்து கேட்பது ஒன்றே வழி. ஹலாலும் ஹராமும் தெளிவானவை, இடைப்பட்ட ஐயத்திற்குரியவற்றை விட்டு விலகியவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொண்டார் என்னும் பொருள்பட நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதை மேடையில் கேட்டுத் தலையசைப்பது எளிது. பசியோடு அமர்ந்த பிள்ளைகளுக்கு நடுவே, மேசைத் துணிக்கு முன்னே கடைப்பிடிப்பது வேறு.

நான் எழுந்துவிடலாம் என்றேன். உம்மாவோ எழவில்லை. சமையற்காரர், ‘பச்சைச் சுருள் செய்து தரட்டுமா? பன்றி வேண்டாம், இறால் மட்டும் வைக்கிறேன். பலகையைக் கழுவித் தருகிறேன்’ என்று கேட்டார். இங்கேதான் எங்கள் மேசையில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. காரைக்கால் மரைக்காயர் குடும்பமாகிய நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபினர்; கடலில் வாழ்வன எங்களுக்குத் தடையில்லை. ஆனால் பன்றியின் ஈரம் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது எங்கள் மத்ஹபின் சட்டம். மூன்றாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? என் இல்லத்தரசியோ ஹனஃபி. அவருக்குப் பலகையை மூன்று முறை கழுவினால் போதும்; ஆனால் அவர் வீட்டில் நண்டும் கணவாயும் நுழைந்ததில்லை, இறாலிலும் அந்த மத்ஹபின் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உண்டு. ஆக, பலகை ஆனால் இறால் ஆகாது ஒருவருக்கு. இறால் ஆனால் பலகை ஆகாது மற்றவருக்கு! மாமியும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பில் மேசையின் இறுக்கம் தளர்ந்தது.

உம்மா சமையற்காரரைப் பார்த்து, ‘பான் ட்ராங்... பிரிக்காத பாக்கெட் இருக்குமா தம்பி?’ என்றார்கள். சொல் அவருக்கு விளங்கியது, வியப்போடு பார்த்தார். அவர் வியட்நாமுக்குப் போனதில்லையாம். சென்னையிலேயே வேறோர் உணவகத்தில் கற்றுக்கொண்டவர். அந்தக் கடை முழுவதிலும் அம்மொழி அறிந்தவர், முக்காடிட்டு அமர்ந்திருந்த இந்தக் காரைக்கால் மூதாட்டி ஒருவர்தாம்!

பான் ட்ராங் என்பது அரிசிமாவை ஆவியில் வேகவைத்துக் காயவைத்த மெல்லிய வட்டத் தாள்; நம் அரிசி அப்பளத்தை இன்னும் மெலிதாக்கியது போல. பிரிக்காத பாக்கெட் வந்தது. பார்சலுக்கென வைத்திருந்த புதிய காகிதத் தட்டுகளும், கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்நீரும், கத்தி படாத முழு இலைக்கோசும், புதினா, கொத்துமல்லி, துளசி போன்றதோர் இலையும் வந்தன. வறுத்த வேர்க்கடலை வந்தது. சேமியா போன்ற அரிசி இழையை மேசையிலேயே வெந்நீரில் ஊறவைத்தோம். புதிய மீன்சாற்றுப் புட்டி ஒன்றைப் பிரித்து வைத்தார்கள். எலுமிச்சையை உம்மா கையாலேயே கிழித்துப் பிழிந்து, சர்க்கரையும் காந்தாரி மிளகாயும் சேர்த்தார்கள்.

அதன்பின் நடந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாளை வெந்நீரில் ஒரு நொடி முக்கி எடுத்துத் தட்டில் விரித்தார்கள். இலை, இழை, கடலை. ஓரத்தை மடித்து, இரு பக்கமும் உள்ளே தள்ளி, ஒரே உருட்டு. கண்ணாடி போன்ற தாளினூடே புதினா இலை பச்சையாய்த் தெரிந்தது. மகள் செய்தது கிழிந்தது. இல்லத்தரசி செய்தது அவிழ்ந்தது. என்னுடையதைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். ‘ரொம்ப ஊறப்போடாதே, கையிலே ஊறும்’ என்று சொல்லிச் சொல்லி உம்மா உருட்டிக்கொண்டே இருந்தார்கள். அரை நூற்றாண்டு வங்கக் கடலோரத்திலோ சீனக் கடலோரத்திலோ போகவில்லை. அந்த விரல்களிலேயே இருந்திருக்கிறது. மகள் இப்போது தலையைக் குனியவில்லை. பக்கத்து மேசைப் பெண்கள் எட்டிப் பார்த்து, எப்படி மடிப்பது என்று நன்னியிடம் கேட்க, அவள்தான் மொழிபெயர்த்தாள்.

இறுதியில் காப்பி. சொட்டுச் சொட்டாய் வடியும் சிறு தகர வடிகட்டியில் வைத்து, டின்பாலின் மேல் இறக்கித் தருவது. காப்பிக்கொட்டையைப் பிரெஞ்சுக்காரர் அங்கே கொண்டுபோயினர். பசும்பால் அரிதாயிருந்ததால் டின்பால் நிலைத்தது. மயிலாப்பூரின் ஃபில்டர் காப்பிக்கும் அதற்கும் எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. பில்லைப் பார்த்தபோது, நாலு இலையைச் சுருட்டியதற்கா இவ்வளவு என்று எனக்குத் தோன்றியது உண்மை. உம்மா அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டார்கள்.

ஆட்டோவில் வரும்போதுதான் சொன்னார்கள்: அவர்கள் தாயார் நிக்காஹுக்குப் பின், பிறந்த வீட்டுக்குப் போனால் தனிச் சட்டியும் தனிக் கரண்டியும் பையில் எடுத்துச் செல்வார்களாம். தம் தாய் பரிமாறும் சாற்றை மறுக்க முடியாமல், ‘வயிறு சரியில்லை’ என்று முதலில் பொய் சொல்லி, பிறகு ஒரு நாள் உண்மையைச் சொல்லி, இருவரும் அழுதார்களாம். அடுத்த முறை போனபோது, அந்த அம்மையார் சந்தையில் புதுச் சட்டி வாங்கி, அதைத் துணியில் கட்டி, மகளுக்கென்று பரணில் வைத்திருந்தாராம். அவர் கடைசிவரை பௌத்தராகவே வாழ்ந்தவர். இவ்வளவு காலம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘யார் கேட்டா?’ என்றார்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கா ரி கா சமைக்கப்பட்டது. கா ரி என்பது நம் ‘கறி’தான், இந்தியரோடு சைகோனுக்குப் போய் அவர்கள் மொழியில் தங்கிவிட்ட சொல். கா என்றால் கோழி. உம்மா சொன்ன அளவை இங்கே தருகிறேன்: ஒரு கிலோ கோழிக்கு மூன்று மேசைக்கரண்டி கறிமசாலா, மீன்சாறு இரண்டு கரண்டி தடவி ஒரு மணி நேரம் ஊறட்டும். வெங்காயம், பூண்டு வதக்கி, எலுமிச்சைப்புல் மூன்று தண்டை நசுக்கிப் போட்டு, கோழியை வதக்க வேண்டும். இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, பாதி வெந்ததும் பெரிய துண்டுகளாய்ச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு; இறக்கும் முன் முதற்பால். புளி வேண்டாம். எலுமிச்சைப்புல் கிடைக்காமல் நான் தியாகராய நகர் காய்கறிக்கடைகளில் அலைந்து, கடைசியில் அடையாற்றில் ஒரு கடையில் வாங்கிவந்தேன்.

அதற்குத் தொட்டுக்கொள்ளச் சோறு அன்று. மேலோடு மொறுமொறுத்த நீள ரொட்டி வேண்டும். புதுச்சேரியில் கிடைக்கும், இங்கே அதே பதத்தில் எனக்குக் கிட்டவில்லை. பேக்கரி பன்னைக் கல்லில் போட்டு வாட்டினோம். உம்மா முதல் துண்டைக் குழம்பில் தோய்த்து வாயிலிட்டு, நீண்ட நேரம் மென்றார்கள். நாங்கள் மூவரும் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

‘கிழங்கு இன்னும் கொஞ்சம் வேகணும்’ என்றார்கள்.